ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் பொட்டு

நம் மெக்கானிக் தொழிலில் வாயில் சுலபமாக வந்து விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "வண்டியில ஒண்ணும் இல்ல சார், எடுத்துட்டுப் போங்க." புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்களும் இதற்குள் ஓரிரு முறை அதைச் சொல்லியிருப்பீர்கள். ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தோம், ஓட்டிப் பார்த்தோம், கோளாறு கண்ணில் படவில்லை, ஆகவே கோளாறு இல்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட என்னை உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஸ்கேனர், சென்சார் பற்றியெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு முழுசாகத் தெரிந்தது, ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது. அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் இருந்தது. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்ததால், வண்டியை உள்ளே கொண்டு வருவதற்குள் பாதிப் பேர் மனம் மாறி வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். அப்படியும் விடாமல் வந்த வண்டிகளில் ஒன்று, மயிலாப்பூர் வசந்தா அம்மாளின் பழைய பிக்கப்.

வசந்தா அம்மாள் கடற்கரைக் கல்யாணங்களுக்கு மேடை போட்டுக் கொடுப்பவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ரிசார்ட்டுகளில் மணலிலேயே மணவறை, மணலிலேயே நாற்காலி, மணலிலேயே மாலை மாற்றல் என்று இப்போது ஒரு மோகம் இருக்கிறதே, அதற்கெல்லாம் சாமான் ஏற்றிப் போவது இந்த வண்டிதான். புது வண்டி எதுவும் மணலில் இறங்காது. இது இறங்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி.

இதை ஓட்டியவர் பஷீர் பாய். ராயப்பேட்டைக்காரர். ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் ஷூட்டிங் யூனிட் வண்டி ஓட்டியவர் என்பதால் மணல், சேறு, மலை எல்லாம் பார்த்தவர். வசந்தா அம்மாளிடம் பல வருஷமாக இருந்தார். வண்டிச் சாவியில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு வயர் பின்னல் தொங்கும். கூடை பின்னுகிற வயரில் அவர் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது செய்து கொடுத்தது. மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, பின்னல் மட்டும் அப்படியே இருந்தது.

பிரச்சினை என்னவென்று சொல்வதற்கு முன், பழைய வண்டியைத் தொட்டிராதவர்களுக்காக ஒரு விளக்கம். இந்த பிக்கப்பில் சாதாரண ரோட்டில் பின் சக்கரங்கள் மட்டும்தான் தள்ளும். மணலில் இறங்கும்போது டிரைவர் உள்ளே இருக்கிற சின்ன லீவரை இழுக்க வேண்டும். இன்ஜினின் பலம் முன்பக்கத்துக்கும் போகும், டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும். அது மட்டும் போதாது. முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு இருக்கிறது. அதைத்தான் ஹப் லாக் என்கிறோம். அதைக் கையால் ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் அச்சோடு பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் திருப்பினால் அச்சை விட்டுவிட்டு சும்மா உருளும். இரண்டில் ஒன்று திறந்திருந்தாலும் போச்சு. பலமெல்லாம் அந்தத் திறந்த பக்கம் வழியாக ஓடி வீணாகிவிடும், பூட்டியிருக்கிற சக்கரமும் இழுக்காது. பச்சை விளக்குக்கு இதெல்லாம் தெரியாது. லீவரை இழுத்தால் அது பாட்டுக்கு எரியும்.

ஒரு திங்கட்கிழமை பஷீர் பாய் வண்டியைக் கொண்டு வந்தார். கூடவே வசந்தா அம்மாளும் ஆட்டோவில் வந்து இறங்கினார். அதுவே வழக்கமில்லாத விஷயம்.

"மாஸ்டர், சனிக்கிழமை எங்களை நடு மணல்ல நிறுத்திடுத்து. பின் சக்கரம் ரெண்டும் குழி தோண்டிண்டு உக்காந்துடுத்து. மணவறை சாமான் மொத்தத்தையும் பசங்க தலையில தூக்கிண்டு போனா. பொண்ணாத்துக்காரா முன்னாடி எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"ஃபோர் வீல் போட்டீங்களா பாய்?" என்றேன்.

"போடாம இருப்பேனா மாஸ்டரே? லீவரு இழுத்தேன். லைட்டு எரியுது. முன்னாடி வீலு அசையல. கல்லு மாதிரி நிக்குது."

வண்டியை ஜாக்கியில் ஏற்றினேன். வழக்கம்போல ஹப் இரண்டையும் ஒரு தரம் திறந்து பூட்டினேன், லீவரை இழுத்துப் போட்டேன், பஷீர் பாயை உள்ளே உட்கார வைத்து மெதுவாகக் கியர் போடச் சொன்னேன். முன் சக்கரம் இரண்டும் சமர்த்தாகச் சுற்றின. அச்சைப் பார்த்தேன், எண்ணெய் பார்த்தேன், அடியில் படுத்து ஆட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா. எடுத்துட்டுப் போங்க."

வசந்தா அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி பஷீர் பாயைப் பார்த்தார். பஷீர் பாய் சாவியில் தொங்கிய பின்னலை விரலால் உருட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன், ஆனால் அதில் எனக்குச் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை. அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் வண்டி மணலில் பட்டாம்பூச்சி மாதிரி போய் வந்ததாம். எனக்குப் பெருமை வேறு. அதற்கடுத்த வாரம் மறுபடி மாட்டிக்கொண்டது. இந்த முறை ஒரு டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்திருக்கிறது. மேடை வேலைக்கு வந்த ஒருவர் எடுத்த வீடியோவை வசந்தா அம்மாள் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். பின் சக்கரம் மணலை வாரி இறைக்கிறது, முன் சக்கரம் கோயில் தேர்ச் சக்கரம் மாதிரி அசையாமல் நிற்கிறது. பஷீர் பாய் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் திங்கட்கிழமை என் ஜாக்கியில் ஏறியதும் அதே சக்கரம் ஜம்மென்று சுற்றியது.

இங்கேதான் எனக்குக் கிறுக்குப் பிடிக்க ஆரம்பித்தது. எண்ணெய் சூடானால் கோளாறு வருகிறதோ என்று வண்டியை ஓட்டிச் சூடாக்கிப் பார்த்தேன். சுமை ஏறினால் வருகிறதோ என்று சிமெண்ட் மூட்டை ஏற்றிப் பார்த்தேன். கடைசியில் ஹப்பிலேயே சந்தேகம் வந்து, இரண்டு பக்கமும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, உப்புக் காற்றில் பிடித்த துருவைச் சுத்தம் செய்து, புது கிரீஸ் வைத்து மூட்டினேன். திருகு வெண்ணெய் மாதிரி திரும்பியது. அடையாறில் தெரிந்தவர் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனையில் மலையாகக் கொட்டிக் கிடந்த மணலில் வண்டியை ஏற்றச் சொன்னேன். ஏறி மறுபக்கம் இறங்கியது. கொத்தனார் கை தட்டினார்.

அடுத்த சனிக்கிழமை கடற்கரையில் மறுபடியும் முன் சக்கரம் கல்லாகிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் எனக்கும் பஷீர் பாய் மேல் சந்தேகம் வந்தது. என் கையில் வேலை செய்கிற வண்டி, அவர் கையில் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை? கண்ணாடி போட்ட மனிதர், லீவரைச் சரியாகப் போடுகிறாரா? வேறு யாரிடமாவது கொடுத்து ஓட்ட விடுகிறாரா? நம் மூளை இருக்கிறதே, இரும்பில் காரணம் கிடைக்காவிட்டால் உடனே மனிதரிடம் போய்த் தேடும். இரும்பு மெக்கானிக்கைத் திருப்பிக் கேள்வி கேட்கும், மனிதர் பேசாமல் இருப்பார் என்பதால் நமக்கு அது வசதி.

டீக்கடையில் நிறுத்தி நேராகவே கேட்டேன்.

"பாய், என்கிட்ட மறைக்காதீங்க. ஹப் பூட்டாம போயிட்டீங்களா?"

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா மாஸ்டரே நீயும் இப்டி கேக்குற? ரெண்டு பக்கமும் பூட்டித்தான் வெச்சிகீறேன். வாராவாரம் மணலு வேல கீது, அத எதுக்குத் தொறக்கப் போறேன்? தொறந்தே எம்மா நாளாச்சி. அம்மா வேற ஆளு தேடிக்கினு கீறாங்க. எனக்குத் தெரியும். ஃபோன்ல பேசுனது காதுல வுழுந்துச்சு. இந்த வயசுல என்னைய எவன் மாஸ்டரே வேலைக்கு வெப்பான்?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. வேலை போகப் போகிறது என்பதை ஏற்கெனவே ஒத்துக்கொண்ட குரலில் பேசினார். நான் "ஒண்ணும் இல்ல" என்று சொன்ன ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த அம்மாள் காதில் அது "டிரைவர்மேல்தான் தப்பு" என்று விழுந்திருக்கிறது. வண்டியில் இல்லையென்றால் கோளாறு எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்?

இது நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிற விஷயங்களில் ஒன்று. "ஒன்றும் இல்லை" என்று நாம் சொல்லும்போது, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். கார் சொந்தக்காரரோடு டிரைவர் நிற்பார், அப்பாவோடு மகன் நிற்பான், புருஷனோடு மனைவி நிற்பாள். நாம் வண்டிக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் தலையில் பழியை ஏற்றிவிடுவோம்.

வியாழக்கிழமை வசந்தா அம்மாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாஸ்டர், ஞாயித்துக்கிழமை காலம்பற பெரிய இடத்துக் கல்யாணம். சனிக்கிழமை மத்தியானமே மணல்ல மேடை போட்டாகணும். இன்னொரு தரம் மாட்டிண்டா என்னை ஒருத்தரும் கூப்பிட மாட்டா. திங்கட்கிழமையிலேர்ந்து புது டிரைவர் ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். பஷீரை அனுப்பறதுக்கு எனக்கும் மனசு வரலை. அதனால உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோளாறு வண்டியா, ஆளா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கோ."

என் முதலாளி பக்கத்து மேஜையிலிருந்து கண் ஜாடை காட்டினார். வண்டி என்று சொல்லிவிடு, பெரிய வேலையாக எழுதிக்கொள்ளலாம் என்பது அந்த ஜாடையின் பொருள். வண்டி என்று சொன்னால் பஷீர் பாயும் தப்பித்துவிடுவார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வண்டியின் எந்தப் பாகம் என்று கேட்டால் என்ன சொல்வது? நல்லாயிருக்கிற எதையாவது கழற்றி மாற்றினால், சனிக்கிழமை அது மறுபடி மாட்டிக்கொள்ளும். அப்போது "புதுசு போட்டும் ஓட்டத் தெரியலை" என்று அந்த மனிதருக்குக் கடைசி ஆணியும் அடித்த மாதிரி ஆகிவிடும்.

"எனக்குத் தெரியலைம்மா," என்றேன்.

முப்பது சொச்சம் வருஷம் ஸ்பேனர் பிடித்தவன் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாத வார்த்தை என்று நான் நினைத்திருந்த வார்த்தை அது. காது சூடேறியது.

"தெரியலைன்னா?"

"வண்டியில கோளாறு இருக்கு. வீடியோவுல என் கண்ணால பாத்தேன். அது எங்க இருக்குன்னு தெரியலை. ஆனா ஆள்மேல தப்புன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. எனக்காக ஒண்ணு செய்யுங்க. இந்தத் தடவை வண்டியை இங்க அனுப்பாதீங்க. சனிக்கிழமை காலைல மணலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நான் உங்க வீட்டுக்கு வரேன். வர்ற வரைக்கும் யாரும் வண்டியைத் தொட வேணாம்."

அதை ஏன் சொன்னேன் என்று கேட்டால் பெரிய யோசனையெல்லாம் ஒன்றும் இல்லை. எல்லாச் சோதனையும் தீர்ந்துபோன பிறகு மிச்சம் இருந்தது ஒன்றுதான். திங்கட்கிழமை நல்லாயிருக்கிறது, சனிக்கிழமை கெட்டுப்போகிறது. நான் பார்ப்பது எப்போதும் திங்கட்கிழமை வண்டி. சனிக்கிழமை வண்டியை ஒரு தரமாவது பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை போனேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. வசந்தா அம்மாளின் வீட்டு காம்பவுண்டுச் சுவரை உரசினாற்போல பிக்கப் நின்றது. மற்ற வண்டிகள் போக வழி விட வேண்டுமே என்று பஷீர் பாய் எப்போதும் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் நிறுத்துவார். அவர் ஏற்கெனவே வந்து காத்திருந்தார். சாவியை நீட்டினார். வாங்கும்போது என்னவோ குறைந்தது. வெறும் வளையத்தில் வெறும் சாவி. வயர் பின்னலைக் காணோம்.

"எங்க பாய் அது?"

"வண்டிய ஒப்படைக்கும்போது நம்ம பொருள நாமதானே எடுத்துக்கணும்," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். வழக்கம்போலக் குனிந்து ஹப்பைப் பிடித்துத் திறந்து பூட்டப் போனேன். கை பாதி வழியில் நின்றது. யாரும் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, முதல் ஆளாக நானே தொடப் போகிறேன்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் முதலில் செய்கிற வேலை இதுதான். ஹப்பைத் திறப்பேன், பூட்டுவேன். எந்த நிலையில் வந்தது என்று பார்க்க மாட்டேன். பல் தேய்க்கிற மாதிரி, கை பாட்டுக்குச் செய்துவிடும். அது திறந்தே வந்திருந்தாலும், நான் தொட்ட பிறகு பூட்டியதாகத்தான் இருக்கும். அப்படியென்றால் இத்தனை நாளும் கோளாறைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு கோளாறைத் தேடியிருக்கிறேன்!

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெறுமனே பார்த்தேன். தெருப்பக்கத்து முன் சக்கரம். நடுவில் இருந்த திருகு பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் சந்தனம் பூசி, நடுவில் ஈரம் காய்ந்தும் காயாத ஒரு குங்குமப் பொட்டு. திருகின் குறுக்கே கைப்பிடி மாதிரி ஒரு மேடு இருக்குமே, அது குத்துக்கல் மாதிரி செங்குத்தாக நின்றது. பூட்டு, திறப்பு என்று காட்டும் எழுத்தெல்லாம் சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது. சென்னையில் பொட்டு இல்லாத வண்டி ஏது? இத்தனை வாரமும் அந்தப் பொட்டு என் கண்முன்னால்தான் இருந்திருக்கும். கிரீஸ் கையோடு அதை நானே துடைத்தும் இருப்பேன்.

சுவர்ப்பக்கத்துச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். என் தொப்பைக்கு அந்த இடுக்கு போதாது. கையை மட்டும் நீட்டி செல்போனில் படம் எடுத்தேன். அந்தச் சக்கரத்தில் சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை, மணலும் புழுதியும்தான் அப்பியிருந்தன. திருகு சாய்வாக, பூட்டு என்ற இடத்தில் சரியாக நின்றது.

ஒரு பக்கம் பொட்டு, ஒரு பக்கம் இல்லை. ஒரு பக்கம் பூட்டு, ஒரு பக்கம்? தெருப்பக்கத்துச் சந்தனத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். அம்புக்குறி திறப்புப் பக்கம் பாதி போய் நின்றது. பாதி திரும்பினாலே பூட்டு விட்டுவிடும்.

வசந்தா அம்மாள் இரண்டு டம்ளர் காபியோடு வாசலுக்கு வந்தார். நான் சக்கரத்தைக் காட்டினேன். குரலை எவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"இந்தப் பொட்டு யாரு வெக்கறதும்மா?"

"நான்தான். வெள்ளிக்கிழமை தோறும் வெப்பேன். மறுநாள் மணலுக்குப் போற வண்டியாச்சே, ஒரு குறையும் வராம இருக்கணுமேன்னு. அந்தப் பக்கம் சுவர், கை எட்டாது. எட்டற பக்கத்துக்கு மட்டும் வெப்பேன்."

"எப்படி வெப்பீங்க? செஞ்சு காட்டறீங்களா?"

அவருக்கு என் கேள்வி விநோதமாக இருந்தது. காபியைச் சுவர் மேல் வைத்துவிட்டுக் குனிந்தார். "முதல்ல ஈரத்துணியால தொடைப்பேன். அப்பறம் இந்த மேடு இருக்கே, இது சில நாள் கோணலா இருக்கும். கோணலா இருந்தா பொட்டு வெக்க நன்னா இல்லை. இப்படிப் பிடிச்சு நேரா நிமிர்த்தி வெச்சுட்டு..." என்று விரலால் பிடித்துக் காட்டினார். "முன்னாடியெல்லாம் கஷ்டப்பட்டுத்தான் திரும்பும். சில நாள் திரும்பவே திரும்பாது, விட்டுடுவேன். போன வாரத்திலேர்ந்து லேசா தொட்டாலே வெண்ணெயாட்டம் திரும்பறது."

அந்த வெண்ணெய் நான் வைத்த கிரீஸ்.

ஒரு வாரம் மாட்டியது, ஒரு வாரம் மாட்டாதது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. வண்டியை நிறுத்தும்போது சக்கரம் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் நிற்கும். பூட்டிய திருகு தற்செயலாக நேராக நின்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்த அம்மாள் அதைத் திருப்பத் தேவையில்லை. மறுநாள் வண்டி பறக்கும். கோணலாக நின்ற வெள்ளிக்கிழமைகளில் நிமிர்த்திவிடுவார். மறுநாள் வண்டி மாட்டும். இதை எழுதும்போதுகூட மனசுக்குள் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துத்தான் எழுதுகிறேன், இப்போதும் கொஞ்சம் குழம்புகிறது.

பஷீர் பாய் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நான் அவரைக் கேட்டேன். "பாய், மணல்ல மாட்டினப்ப இதைத் திருப்பிப் பாக்கலையா?"

"அந்தாண்ட வீல திருப்பிப் பாத்தேன் மாஸ்டரே, பூட்டித்தான் இருந்துச்சு. இந்தப் பக்கம் அம்மா சாமிக்குன்னு பொட்டு வெச்சிகீறாங்க. அது மேல நான் எப்டி கைய வெச்சித் திருவறது? அழிஞ்சிடாது? நான் பூட்னதுதானே, பூட்னபடியே இருக்கும்னு வுட்டுட்டேன்."

அந்த அம்மாள் வண்டி நல்லாயிருக்க வேண்டும் என்று வைத்த பொட்டு. அந்த அம்மாளின் மனசு நோகக்கூடாது என்று அவர் தொடாமல் விட்ட பொட்டு. இரண்டு பேரும் நல்லது நினைத்துச் செய்த காரியம், நடுவில் ஒருவருக்கு வேலை போக இருந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நல்ல வேளையாகக் காபி இருந்தது.

வசந்தா அம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். "உங்களாலதான்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது, ஆனால் சொல்லத் துணிவில்லை. தேடத் தேவையும் இருக்கவில்லை. நான் குனிந்து திருகைப் பூட்டுப் பக்கம் திருப்பியபோது உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார், கோணலாகிப் போன பொட்டைப் பார்த்தார், பிறகு பஷீர் பாயைப் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பில் முதல் திங்கட்கிழமை பார்த்த பார்வை இல்லை இது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான், தம்பிகளே, தங்கைகளே. வண்டி வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சும்மா பாருங்கள். எந்த நிலையில் வந்தது என்று பார்த்துவிட்டு, அப்புறம் தொடுங்கள். நம் கை பழகிய கை, அது சாட்சியையும் சேர்த்துத் துடைத்துவிடும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அந்த வியாழக்கிழமை எனக்குக் காது சூடேறியது உண்மை. ஆனால் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சனிக்கிழமை அந்தத் தெருவில் போய் நான் நின்றிருக்க மாட்டேன்.

வசந்தா அம்மாள் செல்போனை எடுத்து யாருக்கோ பேசினார். "திங்கட்கிழமை வர வேண்டாம்" என்று மட்டும் என் காதில் விழுந்தது. வைத்துவிட்டு, பஷீர் பாயின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பஷீர், சாவில ஒரு வயர் பின்னல் தொங்கிண்டிருக்குமே. எங்கே அது?"

"பாக்கெட்டுல கீதும்மா."

"எடுத்து மாட்டு. மத்தியானம் மணல்ல இறங்கணும்."

நான் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். பஷீர் பாய் சட்டைப் பைக்குள்ளிருந்து பின்னலை எடுத்து வளையத்தில் கோர்க்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வளையம் வழுக்கிக்கொண்டே போனது. வசந்தா அம்மாள் அவர் கையிலிருந்து இரண்டையும் வாங்கி, நகத்தால் வளையத்தைப் பிளந்து, பின்னலைக் கோர்த்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.